ஒரு ழகரமும் ஐந்து 29சி பயணங்களும்

மகள் பெயரில் ஒரு ழ இருக்கிறது. ஆசைப்பட்டு வைத்த பெயர். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நானும் அவள் அப்பாவும் அன்றைக்கு ஒரு நிமிடம்கூட உட்கார்ந்து பேசவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு வட்டியும் முதலுமாக இந்த ஜனவரியில் மூன்று வாரத்தைக் கட்டி அழுதேன்.

அடையாறு பக்கம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு பெரம்பூரில் அத்தை வீட்டு மாடிக்கு வந்துவிட்டோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தினமும் அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது. இங்கே நடக்கிற தூரத்தில் ஓர் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி இருக்கிறது. போய்க் கேட்டோம், இடம் இருக்கிறது, அழைத்து வாருங்கள் என்றார்கள். பழைய பள்ளியில் டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ், வாங்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டு 29சி பஸ் ஏறினேன்.

பழைய பள்ளி தனியார் பள்ளி. அங்கே ஆபீஸில் இருந்தவர் என் கடிதத்தைப் படிக்காமலே, "நடு வருஷத்தில் டிசி கேட்டா மூணாவது டேர்ம் ஃபீஸையும் கட்டணும் மேடம். ரூல்ஸ்" என்றார். படிக்காத டேர்முக்குக் கட்டணமா என்றதற்கும் அதே "ரூல்ஸ்"தான். கோபம் வந்தது. ஆனால் சத்தம் போடவில்லை. "சரி சார், அந்த ரூல்ஸை உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதி சீல் வைத்துக் கொடுங்கள், நாளைக்கே கட்டிவிடுகிறேன்" என்றேன். உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வந்து, "கரஸ்பாண்டன்ட் வரட்டும், போன் பண்றோம்" என்றார். எதையும் எழுதித் தரவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது, டேர்ம் கட்டணப் பேச்சே இல்லை.

டிசி கேட்கும் கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் சீலும் வாங்கிவிடுங்கள். நான் வாங்கியிருந்தேன். அது இல்லாவிட்டால் அந்த போன் வந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

போனில் பாக்கி என்று சொன்னது ஒரே ஒரு நூலகப் புத்தகம். யானை படம் போட்ட பதினாறு பக்கப் புத்தகம். அதைத் தராமல் 'நோ டியூ' கிடையாதாம். வீடு மாற்றி வந்த அட்டைப் பெட்டிகளை எல்லாம் கவிழ்த்துப் போட்டுத் தேடியதில், கிரைண்டர் கல் அசையாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே யானை நசுங்கிக் கிடந்தது. நீவி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து டிசியை வாங்கினேன். திரும்பும்போது ஜெமினி வரைக்கும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஒருமுறை பிரித்துப் படித்திருக்கலாம்.

புதிய பள்ளியின் ஹெச்.எம். டீச்சர் டிசியைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். "பேப்பர் வந்திருக்கு, குழந்தை இன்னும் வரலையே" என்றார்.

தமிழ்நாட்டில் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்கிற கல்வித் துறைக் கணினிப் பதிவில் ஓர் எண் இருப்பது தெரியும். பள்ளி மாறும்போது பழைய பள்ளி பிள்ளையை எமிஸில் 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிட வேண்டும், அங்கிருந்துதான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும் என்பது எனக்குத் தெரியாது. காகித டிசியைக் கொடுத்தவர்கள் இதைச் செய்யவில்லை. எமிஸ் கணக்குப்படி என் மகள் இன்னும் அடையாறில்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

ஹெச்.எம். டீச்சர் நல்லவர். "அது வரும்போது வரட்டும்" என்று அன்றைக்கே பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்தார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது என்று சொன்னதும் அவர்தான். அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறி வருகிற பிள்ளையை, டிசி வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்காமல் இருக்கக் கூடாது, சேர்ப்பதைத் தள்ளிப்போடவும் கூடாது. பழைய பள்ளியும் டிசியை உடனே கொடுத்தாக வேண்டும். இது தெரியாமல் டிசி வரும்வரை பிள்ளையை வீட்டில் உட்கார வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் வைக்காதீர்கள்.

எமிஸுக்காகப் பழைய பள்ளிக்கு போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். சரி, நேரிலேயே போய்விடலாம் என்று கிளம்பிய நாள் போகி. தெருவெல்லாம் டயர் புகை, கண் எரிய பஸ் ஏறி அங்கே போய் இறங்கினால் கேட்டில் வாட்ச்மேன் அண்ணன் மட்டும் இருக்கிறார். "பொங்கல் லீவு விட்டாச்சேம்மா." பிங்க் பஸ் என்பதால் காசு போகவில்லை, பொழுதுதான் போனது.

பொங்கல் முடிந்து மறுபடி போனேன். ஆபீஸில் அதே ஆள். "சர்வர் ஸ்லோ மேடம், நீங்க போங்க, சாயங்காலம் பண்ணிடறோம்." நான் போகவில்லை. எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலையும் ஒரு வாரப் பத்திரிகையையும் எடுத்து வெளியே வைத்ததைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்தில் சர்வருக்கு வேகம் வந்துவிட்டது. அவர் கிளிக் செய்ததும் அங்கிருந்தபடியே ஹெச்.எம். டீச்சருக்கு போன் போட்டு, "வந்துட்டா" என்று அவர் சொன்ன பிறகுதான் எழுந்தேன். இதற்கும் மசியாத பள்ளியாக இருந்தால் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. எனக்குத் தேவைப்படவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் ஹெச்.எம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு மூன்று காகிதங்களை மேசையில் வரிசையாக வைத்தார். பிறப்புச் சான்றிதழில் மகளின் ழ, இசட் ஹெச். ஆதாரில் எல். டிசியில் வெறும் இசட். மூன்று காகிதம், மூன்று குழந்தைகள். "அபார் ஐடி, அதான் நாடு முழுக்க மாணவர்களுக்குக் கொடுக்கிற எண், அதைப் போடும்போது ஆதாரும் பள்ளிப் பதிவும் ஒத்துப்போகணும்மா. பிறப்புச் சான்றிதழை வெச்சு மத்த ரெண்டையும் மாத்திடுங்க. ஒண்ணாம் வகுப்பிலேயே மாத்தினா சுலபம், பத்தாவதில் வந்து நின்னா அழுவீங்க" என்றார்.

வீட்டில் அத்தை, "பேசாம மீனான்னு வெச்சிருக்கலாம்" என்றார்.

ஆதாருக்கு முதலில் போன மையத்தில் 200 ரூபாய் கேட்டார்கள். மகளுடையது ஐந்து வயதுக்கு முன் எடுத்த நீல ஆதார். அதில் கைரேகை, கருவிழி எதுவும் இருக்காது. ஐந்து வயது ஆனதும் அவற்றைப் பதிய வேண்டும், ஏழு வயதுக்குள் பதிந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது. அதோடு சேர்த்துப் பெயரைத் திருத்தினால் அதற்கும் தனியாகக் கேட்கக் கூடாது. இதைச் சொன்னேன். "அப்போ இன்னிக்கு டோக்கன் முடிஞ்சுது" என்றார்கள். காசு கேட்டால் 1947க்கு போன் செய்து புகார் கொடுக்கலாம். நான் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த நாள் தபால் நிலையத்துக்குப் போனேன்.

அங்கே டோக்கன் காலையிலேயே வாங்கிவிட வேண்டும். எட்டரைக்குப் போய் ஆறாவது ஆளாக நின்றேன். என் முறை வந்தபோது பிறப்புச் சான்றிதழின் ஜெராக்ஸ் செல்லாது, அசல் வேண்டும் என்றார் கவுன்ட்டரில் இருந்த அம்மா. அசல் பெட்டிகளுக்குள் எங்கோ இருக்கிறது. நல்லவேளை, சென்னை மாநகராட்சி இணையதளத்திலேயே பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடி கலர் பிரிண்ட் எடுத்து வந்தேன். அதை ஏற்றுக்கொண்டார். என் ஆதாரையும் கேட்டார், பெற்றோரில் ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

அடுத்தது விரல். இடது கை நான்கு விரல், வலது கை நான்கு விரல், அப்புறம் இரண்டு கட்டை விரல். இடது கை விழவே இல்லை. ஐந்தாவது முறையாகச் சிவப்பு விளக்கு எரிந்தபோது மகளைப் பார்த்தேன். பார்வையைத் திருப்பிக்கொண்டாள். முந்தின நாள் மாலை விரலில் பெவிகால் தடவி, காயவிட்டு, தோல் போல உரித்து உரித்து விளையாடியிருக்கிறாள். நுனியில் இன்னும் மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா திட்டவில்லை. ஈரத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, "ஊது பாப்பா" என்று ஊதவிட்டு, மேலே தன் கையை வைத்து அழுத்தினார். விழுந்தது.

கடைசியில் திரையைத் திருப்பிக் காட்டி, சரியா என்று கேட்பார்கள். பின்னால் வரிசை முனகும், தலையை ஆட்டிவிட்டு வந்துவிடத் தோன்றும். ஆட்டிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் இசட் ஹெச் சரியாக இருந்தது. அதைப் பார்த்துக் கணினி தானாகப் போட்டுக்கொண்ட தமிழில் ழ இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்ஹ' என்று இருந்தது. வாயில் வராத ஓர் எழுத்து. அதையும் திருத்தச் சொல்லி, ஒப்புகைச் சீட்டில் மறுபடி படித்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் ஆதார் மாறியது.

டிசியைத் திருத்த ஐந்தாவது முறையாக அடையாறு. இந்த முறை பத்து நிமிடம்தான், அவர்களுக்கும் என் முகம் சலித்துவிட்டது. ஆபீஸில் இருந்தவர் ஒயிட்னர் போட வந்தார், தடுத்துவிட்டேன். அடித்து எழுதி, பக்கத்தில் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் சீலும் வாங்கினேன். ஒயிட்னர் பட்ட டிசியை எந்த ஆபீஸும் நம்பாது. சாதிச் சான்றிதழுக்கு மட்டும் ஆதார் மாறும்வரை விண்ணப்பிக்காமல் வைத்திருந்தேன். இ-சேவையில் 60 ரூபாய், பெயர் முதல்முறையே சரியாக வந்தது.

இப்போது நான்கு இடத்திலும் இசட் ஹெச் இருக்கிறது. நேற்று பள்ளி விடும் நேரத்தில் கேட்டில் நின்றிருந்தேன். பக்கத்து பெஞ்சுப் பையன் அவளைக் கூப்பிட்டான், வாயப்பயம் என்று சொல்கிற அதே வாயால், ழவுக்கு ய போட்டு. இவள் திரும்பி, "இன்னாடா?" என்றாள்.