பழனிக்கு இன்னும் 95 நாள்

2024 நவம்பர் 8, வெள்ளி

நேற்று சூரசம்ஹாரம். சஷ்டி விரதத்தை முடித்துக்கொண்டு குன்றக்குடியிலிருந்து நான் மட்டும் பஸ்ஸில் வந்து காரைக்குடியில் இறங்கினேன். இவர் வரவில்லை. 2021 மே மாதம் கொரோனாவில் கொழுந்தனார் போனதிலிருந்து இவர் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. வீட்டில் விளக்கேற்றினால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். நானும் மூன்று வருடமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்று காலை காப்பி குடித்துக்கொண்டே, "இந்தத் தடவை தைப்பூசம் என்னைக்கு வருது?" என்றார். பிப்ரவரி 11 என்றேன். "நடப்பமா? நீயும் வர்றியா?" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் "சரிங்க" என்றேன்.

பக்தி திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே என்று அவரே சொல்லிவிட்டார். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, 9.1 என்று வந்தது. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். "சும்மா ஊரணியைச் சுத்திச் சுத்தி வர எனக்குப் பிடிக்கல. நடந்தா எங்கயாவது போய்ச் சேரணும்" என்றார். எனக்கு அது போதும். இவருக்கு 61 வயது, எனக்கு 56. இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன்.

2024 நவம்பர் 11, திங்கள்

டாக்டரிடம் போனோம். பழனிக்கு நடக்கப் போகிறோம் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "செருப்போடயா, வெறுங்காலோடயா?" வெறுங்கால்தான் என்றார் இவர். டாக்டர் பதில் சொல்லாமல் இவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து, அது வளைகிற அளவுக்கு உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாக வைத்து அழுத்தினார். 10 கிராம் எடைக்கு வளைகிற மாதிரி செய்த இழையாம். பட்டது தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும். பெருவிரலில் "ம்". பாதத்தின் நடுவில் "ம்". வலது காலில் சுண்டுவிரலுக்குக் கீழே சதைப்பிடிப்பான இடத்தில் இழை வில்லாக வளைந்து நின்றது. இவர் பேசாமல் படுத்திருந்தார். இடது காலில் பெருவிரலுக்கு அடியிலும் அப்படியே. அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்கிற முகம். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பல வருடச் சர்க்கரை நரம்பை மழுக்கிவிடும், அது கால் விரல் நுனியில்தான் தொடங்கும் என்று விளக்கினார். முள் குத்தினாலும் தெரியாது, தார் சுட்டாலும் தெரியாது. புண் வந்த பிறகுதான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், ஆறுவதற்கும் நாளாகும். இதயத்துக்கு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்த்ததில் குறை ஒன்றும் இல்லை. நடக்கலாம், ஆனால் வெறுங்காலோடு கூடவே கூடாது. பட்டினி விரதமும் கூடாது. வீட்டுக்கு வரும்வரை இவர் பேசவில்லை.

2024 நவம்பர் 14, வியாழன்

மூன்று நாளாக இதே பேச்சுத்தான். "ஷூ போட்டுக்கிட்டுப் போனா அது பாதயாத்திரையா? நானும் தம்பியும் பதினஞ்சு வருஷம் வெறுங்காலோட போயிருக்கோம்" என்கிறார். 1982 முதல் 1996 வரை அண்ணனும் தம்பியும் வருடம் தவறாமல் நடந்தவர்கள். கல்யாணம் ஆன புதிதில், தைப்பூசம் முடிந்து திரும்பும் இரண்டு பேருடைய காலுக்கும் நான்தான் வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாதங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நேர்ந்துகொண்டு வெறுங்காலோடு போகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் உணர்ச்சியற்ற காலோடு தார் ரோட்டில் போய், புண்ணாகி, விரலை எடுக்கும்படி ஆனால் அது முருகன் கேட்ட காணிக்கை இல்லை. இதை இவரிடம் அப்படியே சொன்னேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

சாயங்காலம் அவரே கிளம்பி என்னையும் கூப்பிட்டுக்கொண்டு கடைக்குப் போனார். கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில்தான் ஷூ வாங்க வேண்டும். வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக எடுத்தோம். ஆளுக்கு நான்கு ஜோடி பருத்திக் காலுறையும் வாங்கினோம்.

2024 நவம்பர் 24, ஞாயிறு

பத்து நாளாக விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி நடக்கிறோம். முதல் வாரம் தினமும் 3 கிலோமீட்டர், இப்போது 5. எனக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது. இவருக்கு மூச்சு வாங்கவில்லை, கெண்டைக்கால்தான் இறுகிப்போகிறது.

ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் இவரை நாற்காலியில் உட்கார வைத்து, நான் கீழே மணையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பாதம் பார்க்கிறேன். விரல் இடுக்கு, குதிகால் ஓரம், உணர்ச்சி இல்லாத அந்த இரண்டு இடங்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுவேன். இடுக்கில் மட்டும் எண்ணெய் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். முதல் நாள் காலை இழுத்துக்கொண்டார். "நீ போய் என் காலைப் பிடிச்சுக்கிட்டு" என்று கூச்சப்பட்டார். இப்போது இழுப்பதில்லை, ஆனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. இங்கேயும் வானம் மூட்டமாக இருந்ததால் நடக்கப் போகவில்லை. இவர் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வழியை வரைந்தார். காரைக்குடி, குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், கோபால்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், பழனி. ஏறத்தாழ 165 கிலோமீட்டர். அந்த நாளில் இவர்கள் ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். நாங்கள் ஆறு நாள் வைத்திருக்கிறோம்.

வரைந்துகொண்டே பேச ஆரம்பித்துவிட்டார். நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து புறப்படும்போது ரோட்டோரம் நின்று கும்பிட்டது, இரத்தினவேல் என்கிற முருகன் வேல் மாட்டு வண்டியில் கூடவே வருவது, அவர்கள் போகும்போதும் நடை, திரும்பும்போதும் நடை என்பது. உப்பு வியாபாரத்துக்குப் பழனி போன செட்டியார் ஒருவரால் தொடங்கிய வழக்கம் என்றும், 400 வருடத்துக்கு மேலாக விடாமல் நடக்கிறது என்றும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். எங்களைப் போன்ற மற்ற சாதி சனமும் அதே ரோட்டில் அந்தக் கூட்டத்தை அண்டித்தான் நடப்போம்.

நத்தம் தாண்டிப் புளியமரத்தடியில் தம்பி படுத்துத் தூங்கிவிட்டதையும், எழுப்ப மனமில்லாமல் இவர் இரண்டு மணி நேரம் காவல் இருந்ததையும் சொன்னார். மூன்றரை வருடத்தில் தம்பியைப் பற்றி இவர் தானாக வாய் திறந்தது இன்றுதான். நான் குறுக்கே பேசவில்லை. தாளைச் சுவரில் ஒட்டியாகிவிட்டது.

2024 டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. மழை விட்ட நேரம் பார்த்து வாசலில் அகல் வைத்தேன். இவர் திண்ணையில்தான் இருந்தார், எழுந்து போகவில்லை. காற்றில் அணைந்த ஒரு விளக்கைப் பக்கத்து விளக்கில் பொருத்தி வைத்தார்.

2024 டிசம்பர் 22, ஞாயிறு

இன்று பயந்துபோனேன். 14 கிலோமீட்டர் போக நினைத்துக் கிளம்பினோம். ஒன்பதாவது கிலோமீட்டரில் இவர் நடை தடுமாறியது. சட்டை முழுக்க வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குப் பதில் குழறலாக வந்தது. தாழ் சர்க்கரை. பையிலிருந்த குளுக்கோஸ் மூன்று ஸ்பூனைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தேன். ஒரு கல்லில் உட்கார்ந்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அப்புறம் இரண்டு பிஸ்கட் கொடுத்து, ஆட்டோ வைத்து வீட்டுக்கு வந்தோம்.

காரணம் எங்களுடையதுதான். மார்கழி பிறந்ததும் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் நடந்தால்தான் விரதம் என்று இவர் மனதில் எடுத்துக்கொண்டிருக்கிறார், மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். டாக்டருக்குப் போன் செய்தோம். நீண்ட தூரம் நடக்கிற நாட்களுக்கு மாத்திரை அளவைக் குறைத்துக் கொடுத்தார். கிளம்பும் முன் இரண்டு இட்லி, மணிக்கொரு தரம் ஏதாவது ஒரு வாய், குளுக்கோஸ் என் பையிலும் இவர் சட்டைப் பையிலும். இனி இதுதான் எங்கள் விரத முறை. அசைவம் இல்லை, வெங்காயம் இல்லை, தரையில் பாய். அதற்கு மேல் வேண்டாம்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

16 கிலோமீட்டர். கொப்புளம் எனக்குத்தான் வந்தது, இடது குதிகாலில். உடைக்காமல் பஞ்சு வைத்துத் துணிப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். "அப்பா இளைச்சுட்டாரு, ஆனா முகம் நல்லா இருக்கும்மா" என்றாள். இருவரும் மாலை போட்டுக்கொண்டோம். இவர் மாலையை என் கையிலிருந்து வாங்கித் தானே போட்டுக்கொண்டார். திருநீறு வேண்டாம் என்றுவிட்டார். சரி, கேட்கவில்லை.

2025 ஜனவரி 19, ஞாயிறு

குன்றக்குடி வரை நடந்தோம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி ஏழேகாலுக்கெல்லாம் மலை தெரிந்தது. மயில் தோகையை விரித்து உட்கார்ந்த மாதிரி இருக்கும் குன்று என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். இன்று பனி விலகும்போது உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

அடிவாரத்தில் நின்று, "நீ போய்ட்டு வா, நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றார். நானும் ஏறத் தொடங்கினேன். அந்த நேரம் பச்சை வேட்டி கட்டிய ஒரு கூட்டம் வந்தது. கூடவே எட்டு, ஒன்பது வயதுப் பையன் ஒருவன். அவன் தொண்டையைத் திறந்து "வெற்றிவேல் முருகனுக்கு" என்று கத்தினான். கூட்டம் களைப்பில் இருந்தது, சட்டென்று யாரும் பதில் சொல்லவில்லை. கீழேயிருந்து ஒற்றைக் குரல் "அரோகரா" என்றது. எனக்குத் தெரியாத குரலா?

திரும்பிப் பார்த்தேன். இவர் படிக்கட்டில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பையன் மறுபடி கத்தினான். இவர் மறுபடி சொன்னார். அண்ணனும் தம்பியும் நடக்கும்போது தம்பி முன்னால் கத்த, இவர்தான் பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு ஒவ்வொரு படியாக மேலே வந்தார். சண்முகநாதர் முன்னால் நிறைய நேரம் நின்றார். கும்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை. என் கண் மறைத்துவிட்டது.

2025 ஜனவரி 27, திங்கள்

ஹெச்பிஏ1சி 7.6. டாக்டர் இழையை வைத்து மறுபடி பார்த்தார். அந்த இரண்டு இடங்களும் அப்படியேதான் இருக்கின்றன. மழுங்கிய நரம்பு நடையால் திரும்பிவிடாது, மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இவருக்கு இல்லை.

2025 பிப்ரவரி 4, செவ்வாய்

நாளைக்குக் காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறோம். வெயிலுக்கு முன் ஒரு நடை, சாயங்காலம் நாலுக்கு மேல் ஒரு நடை. பகலில் தார் கொதிக்கும், மண்டபத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். இருட்டில் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர், வண்டி எதிரே வருவது தெரியும்படி ரோட்டின் வலது ஓரம். வழி நெடுக அன்னதானம் கிடைக்கும். அன்போடு நீட்டுகிற பானகத்தை மட்டும் இவர் நெற்றியில் ஒற்றிக்கொண்டு எனக்குத் தந்துவிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். பழனியில் சண்முக நதியில் குளித்து, இடும்பனைக் கும்பிட்டு, 693 படியையும் கல் சூடேறும் முன் விடியற்காலையில் ஏறிவிட வேண்டும்.

பை கட்டி முடித்தபோது இவர் பீரோவைத் திறந்து ஒரு பச்சைத் துண்டை எடுத்தார். தம்பியுடையது. வெளுத்துப்போய், ஓரத்தில் நூல் பிரிந்து கிடக்கிறது. நாலாக மடித்துப் பையின் மேல் வைத்தார்.

படுக்கப் போகும் முன் டார்ச்சைத் தேடினேன், காணவில்லை. முற்றத்தில் பார்த்தால் இவர் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்காக மணையை முன்னால் போட்டு, டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, கால் இரண்டையும் நீட்டியிருந்தார். "வா, பாத்துரு" என்றார்.

வலது கால் சுத்தம். இடது கால் சுத்தம்.