மேகாத்துக்கு நிற்கிற டென்ட்

ஆனி பிறந்ததும் எங்கள் பக்கம் மேகாத்து கிளம்பிவிடும். அரபிக்கடலிலிருந்து ஏறி வருகிற காற்று இடுக்கி மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, எல்லை முகட்டைத் தாண்டி, போடி, கம்பம் பக்கம் வெறுங்காற்றாகச் சரிந்து இறங்கும். கீழே போடியில் அது மண்ணை வாரிக் கண்ணில் இறைக்கும். மேலே முகட்டில் நிற்பவனுக்கு மழை, சாரல், காற்று எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கும். ராமக்கல்மேட்டிலும் சதுரங்கப்பாறையிலும் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. பூப்பாறைக்கு மேலே எங்கள் குடும்பத்து ஏலத்தோட்டம் இருக்கிறது. அதன் மேல் ஓரத்தில், எந்தச் செடியும் பிடிக்காத ஒரு பாறைத் திட்டு. நான் டென்ட் போடுவது பெரும்பாலும் அங்கேதான்.

"ஒரு நல்ல டென்ட் சொல்லுங்கண்ணே" என்று சொந்தக்காரப் பையன்கள் கேட்டால், எந்த மாசம், எந்த இடம் என்றுதான் முதலில் கேட்பேன். மார்கழி, தை மாதங்களில் மூணாறு பக்கம் புல் மேல் உறைபனி படியும். பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் காற்று அடங்கிக் கிடக்கும். நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தால் சாதாரண டென்ட்டிலேயே தூங்கி எழுந்துவிடலாம். ஆடியில் வருகிறேன் என்றால் கதை வேறு. அப்போதுதான் நாலு சீசன் டென்ட் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்.

அந்த வகை டென்ட் பனி பெய்கிற நாடுகளுக்காகச் செய்தது. மேலே விழுகிற பனியின் கனத்தைத் தாங்க வேண்டும், பனிப்புயலில் சாயாமல் நிற்க வேண்டும். அதற்காகக் கம்புகளைத் தடிமனாக்கி, ஒன்றுக்கொன்று குறுக்கே அதிகமாக ஓட விடுகிறார்கள். உள்கூட்டில் கொசுவலையைக் குறைத்துத் துணி வைக்கிறார்கள். பொடிப்பனி அடியில் புகாதபடி மேல் உறையைத் தரை வரை இறக்குகிறார்கள். நம் மலையில் பனி பெய்யாது. அதனால் இதில் கம்புதான் நமக்குத் தங்கம். துணிச்சுவர் தொல்லை. தரை வரை இறங்கும் உறை பாதி வரம், பாதி சாபம். இதைப் புரிந்துகொள்ளாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கினால், இமயமலைக்கான பொருளுக்குக் காசு கொடுத்துவிட்டு ஏலக்காட்டில் புழுங்கிச் சாக வேண்டியதுதான்.

கம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலிவான டென்ட்டுகளில் ஃபைபர் கிளாஸ் கம்பு வரும். எங்கள் மச்சான் ஒருத்தர் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு ஆடிப் பதினெட்டு விடுமுறைக்கு வந்தார். விளம்பரப் படத்தில் அதைப் பனிமலையில் நிறுத்தியிருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் காற்று வலுத்தது. டப் என்று ஒரு சத்தம். கம்பு நீளவாக்கில் பிளந்து, அந்தச் சிம்பு மேல் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மீதி ராத்திரியை அவர் எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் கழித்தார். ஃபைபர் கிளாஸ் அப்படித்தான், முன்னறிவிப்பே இல்லாமல் பிளக்கும். அலுமினியக் கம்பு முதலில் வளையும். வளைந்ததை மெதுவாக நிமிர்த்தலாம். முறிந்தாலும், கூடவே தருகிற சின்னக் குழாயை முறிந்த இடத்தில் மாட்டி டேப் சுற்றினால் விடியும் வரை தாக்குப்பிடிக்கும். அந்தக் குழாய் பையில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். கொரியாவின் டி.ஏ.சி. நிறுவனம் பல பெரிய பிராண்டுகளுக்குக் கம்பு செய்து தருகிறது. அந்தப் பெயர் கம்பில் இருந்தால் ஒரு கவலை குறைவு. காற்றுக்கு என்றால் 9 மில்லிமீட்டருக்குக் குறைந்த கம்பை நான் எடுக்க மாட்டேன்.

அடுத்து, கம்புகள் எப்படி ஓடுகின்றன என்பது. இரண்டு கம்பு மட்டும் உச்சியில் ஒரே இடத்தில் சந்தித்தால், நடுவில் பெரிய பெரிய துணிப்பரப்பு வெறுமனே நிற்கும். காற்று அடிப்பது அதில்தான். மூன்று நான்கு கம்புகள் பல இடங்களில் குறுக்கே வெட்டி முக்கோணங்களாகப் பிரித்தால் அந்தப் பரப்பு சிறிதாகிவிடும். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின், முக்கோணங்களைச் சேர்த்துக் கட்டும் கோளக்கூரை யோசனையை எடுத்து நார்த் ஃபேஸ் நிறுவனம் 1975-ல் 'ஓவல் இன்டென்ஷன்' என்ற டென்ட்டைக் கொண்டுவந்தது. இன்றைக்கு மலையேறுபவர்கள் தூக்கிச் செல்லும் குவிமாட டென்ட்டுகளுக்கு அதுதான் வழிகாட்டி. இன்னொரு வகை சுரங்கம் மாதிரி நீளமாக இருக்கும். 1971-ல் தொடங்கிய ஸ்வீடன் நிறுவனமான ஹில்லபெர்க் இந்த வகைக்குப் பேர்போனது. எடைக்கு இடம் அதிகம், காற்றை முகப்பில் வாங்கினால் அருமையாக நிற்கும். ஆனால் முளை அடிக்காமல் அது நிற்கவே நிற்காது. எங்கள் திட்டில் இரண்டு விரல் மண்ணுக்கு அடியில் பாறை. அதனால் தானாக நிற்கிற குவிமாடம்தான் எனக்கு. உங்கள் இடம் புல்வெளி, ஆழமான மண் என்றால் சுரங்க வகையைத் தாராளமாகப் பாருங்கள்.

கடையில் வாய்ப்புக் கிடைத்தால் விரித்து நிறுத்தச் சொல்லிப் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பாருங்கள். அப்புறம் மேல் உறையைத் திருப்பி, இழுகயிறு கட்டும் வளையங்களுக்குப் பின்னால் உள்பக்கம் வெல்க்ரோ பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டையால் உறையைக் கம்போடு கட்டினால்தான் கயிற்றின் இழுப்பு கம்புக்குப் போகும். இல்லாவிட்டால் எல்லா வேகமும் துணியின் தையலுக்குத்தான். நிறையப் பேர் அந்தப் பட்டைகளைக் கட்டுவதே இல்லை.

துணி விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு கட்சி. நைலான் எளிதில் கிழியாது, ஆனால் ஈரத்தை உறிஞ்சித் தொய்யும். சாயந்திரம் விறைப்பாகக் கட்டியது நடுராத்திரி தொளதொள என்று அடித்துக்கொள்ளும், எழுந்து போய்க் கயிற்றை மறுபடி இழுக்க வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். நான் பாலியஸ்டர் கட்சி. மழை நிற்காத இடத்தில் அந்த ஒரு குணமே போதும்.

துணியின் மேல் பூச்சும் முக்கியம். பாலியூரித்தேன் பூச்சுள்ள டென்ட்டை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூச்சு சிதைந்து பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பிக்கும், ஒரு புளித்த நாற்றம் வரும். அதற்குப் பிறகு வைத்தியம் கிடையாது. சிலிக்கான் பூச்சுக்கு இந்த நோய் இல்லை. ஆனால் அதன் தையலில் டேப் ஒட்டாது, நாமே சிலிக்கான் பசை தடவி அடைக்க வேண்டியிருக்கும். பாலியூரித்தேனுக்கான பசையைச் சிலிக்கான் துணியில் தடவினால் உரிந்து வந்துவிடும். 3000 மி.மீ., 5000 மி.மீ. என்று பையில் எழுதியிருப்பது அந்தத் துணி எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்ற கணக்கு. மேல் உறைக்கு 1500-லிருந்து 3000 வரை இருந்தால் நம் மழைக்குப் போதும். தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாகப் பாருங்கள். ஈரத் தரையில் முழங்காலை ஊன்றும்போது அழுத்தம் எல்லாம் அங்கேதான் விழுகிறது.

காலையில் எழுந்து, "டென்ட் ஒழுகுதுண்ணே" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அது ஒழுகவே இல்லை. ராத்திரி முழுக்க விட்ட மூச்சு உறையின் உள்பக்கம் நீராகப் படிந்து சொட்டுகிறது. நாலு சீசன் டென்ட்டில் துணிச்சுவர் என்பதால் இது இரண்டு மடங்கு. பனி நாட்டில் காற்று வறண்டிருக்கும், ஈரம் உறைந்து உதிர்ந்துகூடப் போகும். இங்கே மேகமே டென்ட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் துணிச்சுவரில் ஜிப் திறந்தால் வலையாக மாறுகிற ஜன்னல், உச்சியில் இரண்டு காற்றுவழி, இவை இல்லாத டென்ட்டை எங்கள் பக்கம் கொண்டுவராதீர்கள். குளிருதே என்று எல்லா ஜிப்பையும் அடைப்பவர்தான் விடியும்போது அதிகமாக நனைந்திருப்பார்.

போடுகிற முறை பற்றிச் சுருக்கமாக. ஒடுக்கமான பக்கம் மேற்கே பார்க்கட்டும், வாசல் காற்றுக்கு முதுகு காட்டட்டும். எல்லா இழுகயிற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே கட்டிவிடுங்கள். காற்று வந்த பிறகு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கட்டுவது வேதனை. பாறையில் முளை இறங்காத இடத்தில் நான் பழைய ஏலக்காய்ச் சாக்கில் கல்லை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டுகிறேன். அடியில் விரிக்கக் கடையில் விற்கிற அளவெடுத்த விரிப்பு தேவையில்லை. தோட்டத்தில் கிடக்கிற சில்பாலின் ஷீட்டை, அதாவது பிளாஸ்டிக் தார்ப்பாயை, வெட்டி விரித்தால் போதும். ஆனால் அது உறைக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டக் கூடாது. நீட்டினால் மேலே வழிகிற மழையை எல்லாம் வாங்கி நம் முதுகுக்கு அடியில் சேர்த்துவிடும்.

என் நாலு சீசன் டென்ட்டுக்கு அதன் சொந்த வேலையைக் கொடுத்தது உத்தரகாண்டில், கேதார்காந்தா போனபோது. 12,500 அடி மலை, குளிர்காலம். அங்கே அந்தத் துணிச்சுவரின் அருமை தெரிந்தது, காற்று தூக்கி வந்த பொடிப்பனி உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பூட்ஸ் காலால் பனியை மிதித்து இறுக்கி, கொஞ்ச நேரம் கெட்டியாக விட்டு, அதன் மேல் போட வேண்டும். முளையை நட்டால் பிடுங்கிக்கொள்ளும், படுக்க வைத்துப் புதைக்க வேண்டும். ராத்திரி எழுந்து உறையைத் தட்டிப் பனியைச் சரிய விட வேண்டும். கீழ் ஓரங்களைப் பனி மூடிவிடும் என்பதால் உச்சிக் காற்றுவழியை அடைக்கவே கூடாது. குளிருக்காக அடுப்பையோ கரிச்சட்டியையோ மூடிய டென்ட்டுக்குள் வைப்பது தற்கொலைதான், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இது நம் ஊர் மலைக்கும் பொருந்தும்.

திரும்பி வந்ததும் காயப் போடுவதில்தான் ஒரு டென்ட்டின் ஆயுள் இருக்கிறது. ஆடியில் மேலே எதுவும் காயாது. ஒரு முறை ஸ்டோரில் வேலை செய்கிற அண்ணன், "ட்ரையர்ல போடு தம்பி, ஒரு மணி நேரத்துல காஞ்சிரும்" என்றார். ஏலக்காய் உலர்த்துகிற அறை, 50 டிகிரி பக்கம் சூடு. எனக்கும் கொஞ்சம் ஆசை வந்தது. பெரியப்பாதான் சத்தம் போட்டார், "காயில ஈரத்துணி நாத்தம் ஏறுச்சுன்னா புத்தடி ஏலத்துல ஒருத்தன் கையால தொடமாட்டான்டா." புத்தடியில்தான் ஏலக்காயை ஏலம் விடுகிறார்கள். காய்க்கு ஆகாதது இருக்கட்டும், அந்தச் சூடு தையல் டேப்பின் பசைக்கும் ஆகாது. அதனால் ஈர டென்ட்டைச் சாக்கில் திணித்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, போடி வீட்டு மொட்டைமாடியில் நிழல் பக்கமாகக் கட்டிவிடுவேன். மேலே மழை கொட்டினாலும் கீழே வெறுங்காற்று, அரை நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். நல்ல வெயிலில் போடாதீர்கள், துணியை அது தின்றுவிடும். காய்ந்த பிறகும் சின்னப் பையில் இறுக்கி வைக்காமல் பெரிய பருத்திப் பையில் தளர்வாக வைத்தால் நல்லது. எலி வராத இடமாகப் பாருங்கள்.

டென்ட் வாங்கியவுடன் காட்டுக்குள் போய்ப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டுப் பக்கம் அனுமதி இல்லாமல் காட்டில் ஏறவே முடியாது. கேரளப் பக்கம் மீசப்புலிமலைக்குப் போக ஆசை என்றால் அங்குள்ள வன வளர்ச்சிக் கழகமே டென்ட் தங்கலோடு அழைத்துப் போகிறது, பதிவு செய்துகொள்ளலாம். சின்னக்கானல், ஆனையிறங்கல் பகுதி யானைகளின் நடமாட்டப் பாதை. அங்கே சுற்றிய அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023-ல் பிடித்துக்கொண்டுபோய்ப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அது கம்பம் தெருவுக்கே வந்து நின்றதை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டில் தங்கிய ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். எத்தனை மில்லிமீட்டர் கம்பாக இருந்தாலும் யானைக்கு அது ஒன்றுமில்லை. பட்டா நிலத்தில், ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வாட்சரிடம் சொல்லிவிட்டுப் போடுவதுதான் எங்கள் வழக்கம்.

கடைசியாகக் காசும் அளவும். வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் மார்கழியில் மட்டும் போகிறவர் இந்த வகையை வாங்கவே வேண்டாம். இமயமலைக்கு என்றால் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். வாங்கியே தீருவேன் என்பவர், 3 ஆள் டென்ட் என்று போட்டிருந்தால் அதை 2 ஆளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் பக்கம் உறை கொஞ்சம் நீண்டு தாழ்வாரம் மாதிரி இருக்க வேண்டும். நனைந்த ரெயின்கோட்டும், சேறான பூட்ஸும், அட்டைப்பூச்சி ஒட்டியிருக்கிற காலுறையும் ராத்திரி கிடக்க வேண்டிய இடம் அதுதான்.