ஜம்ப் சீட்டில் உட்காரக் கற்றது

விமான நிறுவனத்தில் கேப்டனாக இருந்தவர் அரசுத் தரப்பில் விமான இயக்கப் பாதுகாப்பு ஆய்வாளராக மாறுவது, பார்க்கிறவர்களுக்குப் பதவி மாற்றம் மாதிரி இருக்கும். எனக்கு அது தொழிலையே முதலிலிருந்து கற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. இந்த வழியில் வர நினைக்கும் விமானிகள் என்னிடம் அடிக்கடி விவரம் கேட்கிறார்கள். விண்ணப்பத்திலிருந்து தனியாக ஆய்வுக்குப் போகும் அதிகாரம் கிடைத்தது வரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

விண்ணப்பக் கட்டம் கடினமில்லை. உரிமம், மருத்துவச் சான்று, பறந்த மணிக்கணக்கு, எந்தெந்த ரக விமானத்தில் தகுதி, பயிற்றுநராகவோ மற்ற விமானிகளின் திறமையைச் சோதிக்கும் செக் பைலட்டாகவோ இருந்த அனுபவம், விபத்து அல்லது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதெல்லாம் கேட்பார்கள். யாரை ஆய்வு செய்கிறோமோ அவருக்குக் குறைந்த தகுதி ஆய்வாளருக்கு இருக்கக் கூடாது என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் நிலைப்பாடு. அதனால்தான் இவ்வளவு துருவுகிறார்கள். இதோடு நலன் முரண்பாடு பற்றிய உறுதிமொழியும் உண்டு. முன்பு வேலை பார்த்த நிறுவனத்தை உடனே ஆய்வு செய்ய முடியாது. விமான நிறுவனப் பங்குகள் வைத்திருந்தால் சொல்லியாக வேண்டும். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு அறிக்கையின் மதிப்பும் இந்தக் காகிதத்தின் மேல்தான் நிற்கிறது.

வகுப்பறைப் பயிற்சியில் பாதிக்கு மேல் சட்டம். 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையில் ஆரம்பித்து, விமான இயக்கத்துக்கான 6ஆம் இணைப்பு, பாதுகாப்பு மேலாண்மைக்கான 19ஆம் இணைப்பு, அவற்றுக்குக் கீழே நாட்டின் சொந்த விதிகள் என்று போகும். ஒரு நாட்டின் கண்காணிப்பு ஏற்பாட்டை எட்டு முக்கியக் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறது ஐகாவோ. அடிப்படைச் சட்டம், இயக்க விதிகள், கண்காணிக்கும் அமைப்பு, தகுதியுள்ள ஆட்கள், அவர்களுக்கான வழிகாட்டிகள், சான்றளிப்பு, தொடர் கண்காணிப்பு, கண்டுபிடித்த குறைகளைத் தீர்ப்பது. கடைசிக் கூறைச் சரியாகச் செய்யாவிட்டால் முதல் ஏழும் கோப்புகளாக மட்டுமே மிஞ்சும் என்று எங்கள் பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொல்வார். எவ்வளவு சரியான பேச்சு என்பது வேலையில் இறங்கிய பிறகுதான் புரிந்தது.

அந்த வகுப்புகளில் என்னை அதிகம் உலுக்கியது ஹீலியோஸ் 522 விபத்து. 2005 ஆகஸ்ட் 14. லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் நோக்கிக் கிளம்பிய போயிங் 737. முந்தைய இரவு பராமரிப்பு வேலைக்குப் பின் கேபின் அழுத்தத்துக்கான தேர்வுப் பொத்தான் மேனுவலிலேயே, அதாவது அழுத்தம் தானாகச் சரியாகாத நிலையிலேயே, நின்றுவிட்டது. பறப்புக்கு முந்தைய சரிபார்ப்பிலும், எஞ்சின் தொடங்குமுன் படிக்கும் செக்லிஸ்டிலும், புறப்பட்ட பின் படிக்கும் செக்லிஸ்டிலும் அது யார் கண்ணிலும் படவில்லை. மேலே ஏற ஏறக் கேபினில் அழுத்தம் குறைந்து விமானிகள் மயங்கினார்கள். விமானத்தில் இருந்த 121 பேரும் இறந்தார்கள். விமானியாக அந்த அறிக்கையை நான் முன்பே படித்திருக்கிறேன். அப்போது மனதில் தங்கியது பொத்தான். ஆய்வாளர் வகுப்பில் படித்தபோது கண் வேறொரு வரியில் நின்றது. நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு தன் கண்காணிப்புக் கடமையை நெடுங்காலமாகப் போதிய அளவு நிறைவேற்றவில்லை என்பதையும் அந்த விசாரணை மறைமுகக் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. இனிமேல் நான் உட்காரப்போகும் நாற்காலியைப் பற்றிய வரி அது.

அடுத்தது பணியிடப் பயிற்சி. முதலில் மூத்த ஆய்வாளர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பிறகு அவர் பார்த்திருக்க நாம் செய்ய வேண்டும். ஒவ்வொரு வகை ஆய்வுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினால்தான் தனியாகப் போகலாம். ராம்ப் ஆய்வில் தேறியவர் சிமுலேட்டர் ஆய்வுக்கும் தேறியவர் ஆகிவிட மாட்டார்.

ராம்ப் ஆய்வு என்பது விமானம் நிற்கும் சிறிய இடைவெளியில் நடப்பது. பதிவுச் சான்று, பறக்கும் தகுதிச் சான்று, ஊழியர் உரிமங்கள், எடை சமநிலைத் தாள், உயிர்காப்பு உடைகள், தீயணைப்பான் அழுத்தமானி, அவசர வழிகளில் தடை ஏதும் உண்டா, சரக்கறையில் பூட்டுகள், டயர். பட்டியல் நீளம், நேரமோ குறைவு. பாதுகாப்புக் காரணம் இல்லாமல் விமானத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்பதால், எதைப் பார்ப்பது என்று மேலே ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். இது சீக்கிரம் கைவந்துவிடும்.

கைவர நாளானது காக்பிட்டில் விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் கூடுதல் இருக்கையான ஜம்ப் சீட்டில் உட்கார்ந்து செய்யும் வழித்தட ஆய்வு. அடையாள அட்டையைக் காட்டி, கேப்டனிடம் அறிமுகம் செய்துகொண்டு, பின்னால் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த விமானத்தின் பொறுப்பு கடைசி வரை கேப்டனுடையதுதான். நான் இருப்பதால் அதில் அணுவளவும் மாறாது. உண்மையிலேயே ஆபத்து என்றால் வாய் திறக்கலாம், திறக்கவும் வேண்டும். மற்றபடி மௌனம். வருடக்கணக்காகப் பக்கத்து இருக்கையில் இருப்பவரைத் திருத்திப் பழகிய ஒருவருக்கு இந்த மௌனம் எவ்வளவு பாரம் என்பது பயிற்றுநராக இருந்தவர்களுக்குத் தெரியும். பத்தாயிரம் அடிக்குக் கீழே தேவையில்லாத பேச்சு கூடாது என்ற விதி ஓட்டும் விமானிகளுக்கு இருக்கிறது. அதை நானே கேள்வி கேட்டுக் குலைத்தால் என்ன ஆய்வு?

அப்படியானால் என்ன பார்ப்பது? எரிபொருள் தாளில் பயணத்துக்கு, எதிர்பாராத தேவைக்கு, மாற்று விமான நிலையத்துக்கு, அதற்கும் மேல் ஜெட் விமானத்துக்கு 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றும் அளவு கடைசி இருப்பு என எண்கள் இருக்கும். எண்கள் சரியாகவே இருக்கும், கணினி போட்டதுதானே. அந்தத் தாளை இருவரும் சேர்ந்து பேசினார்களா, வானிலையைப் பார்த்துவிட்டு ஒருவராவது ‘இது போதுமா’ என்று கேட்டாரா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். செக்லிஸ்டில் பதில் சொல்பவரின் கண் அந்தப் பொத்தான் மேல் போகிறதா, அல்லது வாய் மட்டும் பதில் சொல்கிறதா? ஹீலியோஸைப் படித்த பிறகு இதைப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. இறங்கும்போது ஆயிரம் அடியில் விமானம் நிலைப்பட்டிருக்கிறதா, அதாவது வேகமும் இறங்கும் பாதையும் சீராக இருக்கிறதா, இல்லையென்றால் துணை விமானி சொல்கிறாரா, சொன்னால் கேப்டன் கேட்கிறாரா? துணை விமானி தயங்கும் அந்த இரண்டு நொடியில் அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு மேனுவல் முழுவதும் சொல்லாதது தெரிந்துவிடும்.

குறையைக் கண்டால் அதற்கு விதி எண் வேண்டும், ஆதாரம் வேண்டும். ‘எனக்குச் சரியாகப் படவில்லை’ என்பது குறை ஆகாது. என் மேற்பார்வையாளர் நான் எழுதிய வாக்கியங்களைச் சிவப்பில் அடித்துக்கொண்டே இருந்தார். என்ன விதி, என்ன பார்த்தீர்கள், எங்கே, எந்த ஆவணத்தில்? இதற்குள் அடங்காத சொல் எதுவும் அறிக்கையில் நிற்காது.

மேற்பார்வையில் நான் நடத்திய ஓர் அலுவலக ஆய்வைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் பணிநேரப் பதிவுகள் எல்லாம் வரம்புக்குள் இருந்தன. ஆனால் பல நாட்களில் வரம்பைத் தொடும் விளிம்பிலேயே முடிந்திருந்தன. எங்களுக்கு அது உறுத்தியது. பாதுகாப்பு வாயிலில் ஊழியர்கள் நுழைந்த நேரத்தை வாங்கி ஒப்பிட்டோம். விமானத்துக்கு வந்து சேரும் நேரம்தான் பணி தொடங்கிய நேரமாகப் பதிவாகியிருந்தது. அதற்கு முன்பே, பறப்புத் திட்டத்தைப் பார்க்கும் டிஸ்பாட்ச் அறையில் வேலை ஆரம்பித்திருந்தது. அந்த இடைவெளியைக் கூட்டினால் சில நாட்களில் வரம்பு மீறியிருந்தது.

பதிலாக வந்தது ஒரு சுற்றறிக்கை: ‘ஊழியர்கள் நேரத்தைச் சரியாகப் பதிய அறிவுறுத்தப்பட்டுள்ளனர்.’ இதை ஏற்று முடித்திருக்கலாம், தாள் கணக்கில் குறை தீர்ந்ததுதான். மேற்பார்வையாளர் என்னிடம் கேட்டார்: “அடுத்த மாசம் இதே தப்பு வராம எது தடுக்கும், சொல்லுங்க.” என்னிடம் பதில் இல்லை, அந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. மூல காரணம் கேட்டுத் திருப்பி அனுப்பினோம். பணி அட்டவணை மென்பொருளில் தொடக்க நேரம் விமானத்தின் கிளம்பும் நேரத்திலிருந்து தானாகப் பின்னோக்கிக் கணக்கிடப்பட்டது என்பதும், உண்மையான வருகையைப் பதிய அதில் இடமே இல்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அவர்கள் அதை மாற்றி, மாற்றியதற்குப் பிந்தைய பதிவுகளையும் காட்டிய பிறகே குறையை மூடினோம். ஒரு விமானியைக் கண்டித்து முடிந்திருக்க வேண்டிய விஷயம் இல்லை இது. களைத்துப்போன விமானியைத் தாளில் தெம்பாகக் காட்டிய ஓர் ஏற்பாடு.

புதிய நிறுவனத்துக்கு இயக்கச் சான்று கொடுக்கும் வேலையிலும் சேர்த்துக்கொண்டார்கள். முன்பேச்சு, முறையான விண்ணப்பம், ஆவண மதிப்பீடு, செய்முறை ஆய்வு, சான்றளிப்பு என்று ஐந்து கட்டங்கள். ஆவணக் கட்டத்தில் பொறுமை போய்விடும். வேறு நிறுவனத்தின் மேனுவலை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவருபவர்கள் உண்டு. தங்களிடம் இல்லாத கருவிக்கு நடைமுறை எழுதியிருப்பார்கள். அங்கே தாட்சண்யம் காட்டினால் செய்முறைக் கட்டத்தில், அவசர வெளியேற்ற ஒத்திகையின்போது கேபின் ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

எல்லாப் பட்டியலிலும் கையெழுத்து விழுந்த பிறகு ஆய்வாளர் அடையாள அட்டை வந்தது. எந்தெந்த ஆய்வுக்கு அதிகாரம் என்பது அதனுடன் வந்த கடிதத்தில் இருக்கும். அதற்கு வெளியே ஒரு கேள்வி கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லை. தகுதியைத் தக்கவைக்கச் சிமுலேட்டரில் தொடர்ந்து பறக்கவும் வேண்டும். வேலைப் பளுவில் முதலில் தள்ளிப்போவது இதுதான். விட்டுக்கொடுக்காதீர்கள். பறக்கும் பழக்கம் விட்டுப்போன ஆய்வாளரின் பேச்சை எந்தக் கேப்டனும் மனதார ஏற்க மாட்டார்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பறந்த மணிக்கணக்கைச் சேர்ப்பதோடு எழுதவும் பழகுங்கள். உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அறிக்கைப் பிரிவிலோ தணிக்கைப் பிரிவிலோ கொஞ்ச காலம் வேலை கேட்டு வாங்குங்கள். நேர்முகத் தேர்வில் என்னிடம் பறப்பதைப் பற்றிக் கேட்டது சொற்பம். ஒரு சம்பவ விவரத்தைக் கையில் கொடுத்து, இதில் எது கண்டது, எது ஊகம், எந்த விதி பொருந்தும் என்று பிரித்து எழுதச் சொன்னார்கள். பெரும்பகுதி நேரம் அதற்கே போனது.