சிறுகிழங்குப் பொரியல்: தோல் உரிப்பதில்தான் பாதி வேலை

பொங்கலை ஒட்டித் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துச் சந்தைகளில் சிறுகிழங்கு குவிந்துவிடும். மண் ஒட்டிய கிழங்காகவே வாங்குங்கள். கழுவி வைத்தது சீக்கிரம் அழுகும். நெல்லிக்காய் அளவு இருந்தால் நல்லது. அதைவிடப் பொடிக்கிழங்கில் தோல் போக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அரை கிலோ கிழங்கை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசவேண்டும். ஊறாவிட்டால் இடுக்கில் மண் தங்கி, சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும். ஈரத்தோடு சாக்கில் போட்டு வாயைக் கட்டி, சொரசொரப்பான தரையில் அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலான தோல் உரிந்துவிடும். மிச்சத்தைக் கத்தியால் சுரண்டுங்கள். சீவினால் சதையும் போய்விடும். கையில் கறை ஏறும், முதலிலேயே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். உரித்ததை உடனுக்குடன் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும்.

தோலோடு அவித்து உரித்தும் பார்த்தாயிற்று. வேலை பாதியாகக் குறைகிறது, ஆனால் சாயம் இறங்கிக் கிழங்கு பழுப்பாகிறது, மண்வாசமும் போகவில்லை. புளிக்குழம்புக்குச் சரி, பொரியலுக்கு வேண்டாம்.

குக்கர் இதற்கு ஆகாது. பெரிய கிழங்கு வேகுமுன் சின்னது குழைந்துவிடும். திறந்த பாத்திரத்தில் கிழங்கு மூழ்கத் தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், முக்கால் டீஸ்பூன் உப்பு. கொதி வந்தபின் 12 நிமிடத்தில் பார்க்கலாம். கத்தி நுனியில் குத்தித் தூக்கினால் தானாக நழுவி விழவேண்டும், அதுதான் பதம். வடித்து, ஆவி அடங்கும்வரை பரப்பி வையுங்கள். ஈரத்தோடு தாளிப்பில் கொட்டினால் அடிப்பிடித்து மாவாகும்.

தேங்காய்த் துருவல் 4 மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் 2, சின்ன வெங்காயம் 4, சீரகம் அரை டீஸ்பூன்: தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்கவும். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, கிழங்கைப் போட்டு லேசாக முறுகியபின் அரைத்ததைச் சேர்த்து, சிறு தீயில் 3 நிமிடம் பிரட்டினால் போதும்.

இதே பக்குவம் பிடிகருணைக்குச் சரிவராது. அதில் உள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். வெறுமனே அவித்தால் அரிப்பு முழுதும் போகாது, புளி வேண்டும். தோலோடு நன்றாக அவித்து, உரித்து, மசித்த பிறகே புளிக்கரைசலை விட்டுக் கொதிக்கவிடுங்கள். அரைவேக்காட்டில் புளியை ஊற்றினால் கிழங்கு இறுகி, அதற்குப் பிறகு எவ்வளவு கொதித்தாலும் எளிதில் மசியாது.