இடது கால்

நவம்பர் 4
திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்தில் இறங்கிப் பூக்கடை வரை நடந்துவிட்டேன். இடது காலில் செருப்பு இல்லை என்பதைப் பூக்கார அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 5
காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 7
புதுச்சேரிக்குப் போனோம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை எடுத்துக்கொண்ட மருத்துவர், என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா சார்?" என்று கேட்டார். எப்போது தொடுகிறார் என்பதே புலப்படாததால் இரண்டு முறை குத்துமதிப்பாக "ஆமாம்" என்றேன். காப்பியடித்துப் பிடிபட்ட பையனைப் போல வெட்கமாக இருந்தது. கட்டைவிரலின் அடியிலிருந்த புண்ணுக்குப் பதினைந்து நாள் வயதாவது இருக்கும் என்றார். வலிக்கவே இல்லையே என்றேன். "அதுதான் சார் பிரச்சினை."

நவம்பர் 10
உறுப்புகளின் மௌனத்தில் கழியும் வாழ்வே உடல்நலம் என்று பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரீஷ் 1936-இல் எழுதினார். வகுப்பில் இதைப் பலமுறை மெச்சிச் சொல்லியிருக்கிறேன். என் கால் மௌனமாகத்தான் இருக்கிறது. அந்த மௌனத்துக்குள்தான் புண் வளர்ந்திருக்கிறது. நலத்தின் மௌனத்தையும் நரம்பு செத்த மௌனத்தையும் உள்ளிருந்து நான் எப்படிப் பிரித்தறிவேன்?

நவம்பர் 11
மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.2 சதவீதம். வீட்டில் யாரும் பேசவில்லை.

நவம்பர் 13
ஒரு கை மறுகையைத் தொடும்போது இரண்டுமே தொடுகின்றன, இரண்டுமே தொடப்படுகின்றன என்பதிலிருந்துதான் தத்துவவாதி ஹுஸ்ஸர்ல், வெறும் பொருளாகிய உடலையும் வாழப்படும் உடலையும் வேறுபடுத்திப் பேசுகிறார். இரவு பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன். கைக்குக் கால் தெரிந்தது. காலுக்குக் கை தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் காலைப் பிடித்த கூச்சத்தோடு கையை எடுத்துக்கொண்டேன். பிறகு என் மனைவி கைபேசி வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்த்து, "இன்னிக்கு ஓரம் கறுத்திருக்குங்க" என்றாள். என் காலின் சேதியை இனி அவள் சொல்லித்தான் நான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 17
புண் எலும்பைத் தொட்டுவிட்டதாக எக்ஸ்ரே சொல்கிறது. விரலை எடுக்க வேண்டுமாம். இளம் மருத்துவர் ஒப்புதல் படிவத்தைப் பொறுமையாகத் தமிழில் விளக்கினார், அவர்மீது குறையில்லை. ஆனால் வலி வந்து "போதும், எடுத்துவிடுங்கள்" என்று கெஞ்சியவன் இடும் கையெழுத்தும், படத்தை மட்டும் நம்பி நான் இட்ட கையெழுத்தும் ஒன்றாகுமா? "உற்றான் அளவும் பிணியளவும் காலமும்" என்று வள்ளுவர் உற்றானை, அதாவது நோயாளியைத்தான் முதலில் வைத்தார். உற்றானுக்கே தன் அளவு தெரியாவிட்டால் மருத்துவர் யாரைக் கேட்பார்? அவளையும் கேட்டிருக்கலாம். படிவத்தில் அவளுக்குச் சாட்சிக் கையெழுத்துக்கு மட்டுமே இடமிருந்தது.

நவம்பர் 18
மழை விடவில்லை. நாளை வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். காலை மாத்திரையைப் போடலாமா என்று கேட்க மறந்துவிட்டேன்.