மேரி செலஸ்டியாவின் வாசனை

ஆளே இல்லாமல் கடலில் மிதந்த மேரி செலஸ்ட் வேறு, அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் நான் பார்க்கப் போன மேரி செலஸ்டியா வேறு. இதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் பேய்க்கதை என்று நினைத்துக்கொண்டே படிப்பீர்கள்.

இது அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துக் கப்பல். 1861இல் லிங்கன் தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட உத்தரவு போட, அந்தக் காவலுக்குள் நழுவிப் புகுந்து வருவதற்கென்றே பிரிட்டனில் வேகமான நீராவிக் கப்பல்களைக் கட்டினார்கள். பெர்முடாவிலிருந்து துப்பாக்கியும் சாப்பாடும் போகும், திரும்பும்போது பஞ்சு வரும். காசு அப்படிக் கொட்டியது. இவள் 1864இல் லிவர்பூலில் பிறந்து, அதே ஆண்டு செப்டம்பரில் செத்தும் போனாள், அதுவும் எதிரியின் குண்டு பட்டு அல்ல: கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், உள்ளூர் வழிகாட்டி கூடவே இருக்க, பவளப்பாறையில் மோதி, சில நிமிடங்களில்! எதையோ எடுக்க உள்ளே திரும்பி ஓடிய சமையல்காரர் மட்டும் வெளியே வரவில்லை.

எனக்கு ஸ்கூபா தெரியாது. பெர்முடாவிலேயே இருக்கிற சவுத்ஹாம்ப்டன் பக்கம் படகில் கூட்டிப்போய், முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி இறக்கிவிட்டார்கள். முதல் பத்து நிமிடம் உப்புத்தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். அப்புறம் கீழே பார்த்தால், ஏறக்குறைய 55 அடி ஆழத்தில் வெள்ளை மணல், அதில் துடுப்புச் சக்கரத்தின் இரும்புச் சட்டம் ராட்டினம் போல நட்டமாக நிற்கிறது! பக்கத்தில் பெட்டி பெட்டியாகக் கொதிகலன்கள்.

2009இல் அடித்த புயல் முன்பக்க மணலைக் கலைத்துவிட, 2011இல் அங்கே தோண்டியவர்களுக்கு மது பாட்டில்கள், செருப்பு, லண்டன் கம்பெனி ஒன்றின் சென்ட் பாட்டில்கள் கிடைத்தன. மற்ற சரக்கோடு சேராமல் மூலையில் ஒதுங்கிக் கிடந்ததால், கப்பலில் யாரோ தனக்காகக் கடத்தியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடத்தலுக்குள் ஒரு குட்டிக் கடத்தல். மதுவில் ஒரு பாட்டிலை 2015இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் ஊர்கூடித் திறந்தார்கள். நண்டுத்தண்ணீரும் பெட்ரோலும் கலந்த நாற்றமாம். சென்ட் மட்டும் முழுக்கக் கெட்டுவிடவில்லை. அதை ஆராய்ந்து, செயின்ட் ஜார்ஜஸில் உள்ள லில்லி பெர்முடா கடைக்காரர்கள் 2014இல் கிட்டத்தட்ட அதே வாசனையைத் திரும்பச் செய்துவிட்டார்கள்.

கடையில் ஒரு காகிதத் துண்டில் தெளித்து நீட்டினார்கள். ஆரஞ்சுத் தோல், ஏதோ பூ. இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காலையில் குடித்த உப்பு இன்னும் தொண்டையில் இருந்தது.