மோட்டிவேஷன் லெட்டரில் எங்கள் ஊர்க் கிணறு

ஜெர்மனியில் நீர்வளப் பொறியியல் முதுகலைக்கு விண்ணப்பித்தபோது நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்கும் யூனி-அசிஸ்ட் எல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் முடிகிற வேலைகள்தான். உட்கார்ந்து யோசிக்க வைத்தது மோட்டிவேஷன் லெட்டர், அதாவது ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்று நாமே எழுத வேண்டிய கடிதம். ஒன்றரைப் பக்கம்தான், ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் பலர் அந்த ஒன்றரைப் பக்கத்தில் தங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு கன்சல்டன்சியில் மாதிரிக் கடிதம் தந்தார்கள். சிறு வயது முதலே தீராத ஆர்வம், உலகத்தரம் வாய்ந்த கல்வி, பன்னாட்டுச் சூழல். பெயரையும் கல்லூரியையும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும், அதுதான் அதன் கோளாறே. அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நோட்டில் நான் கையால் செய்த வேலைகளை மட்டும் எழுத ஆரம்பித்தேன்.

கடைசி வருட புராஜெக்டுக்காக வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர்க் கிணறுகளிலும் அடிபம்புகளிலும் டி.டி.எஸ். மீட்டர் வைத்து, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவை அளந்திருந்தேன். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் குடிக்கலாம் என்று இந்தியத் தரநிர்ணயம் விட்டிருக்கிற வரம்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம். கோடையில் சில கிணறுகள் அதையும் தாண்டின. ஆனால் கடலுக்கு இன்னும் கிட்டே, மணல்மேட்டில் இருந்த ஒரு கிணற்றில் தண்ணீர் நன்றாகவே இருந்தது! மேட்டில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட இலேசானது, அதனால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடியில் உப்புநீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலே ஏறும் என்று பாடத்தில் ஒரு கணக்கு உண்டு. மணலும் களிமண்ணும் மாறி மாறிக் கிடக்கிற எங்கள் ஊரில் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும்? எனக்குப் பதில் தெரியாத இந்தக் கேள்விதான் கடிதத்தின் முதுகெலும்பானது.

கல்லூரியில் எங்கள் மேடம் படித்துப் பார்த்துவிட்டு, "அந்த நல்ல கிணறு ஏன்ப்பா ரெண்டாம் பக்கத்துல கிடக்கு? மேல கொண்டா" என்றார். முதல் பத்தியாக்கினேன்.

அடுத்த சிக்கல், படிப்பு முடித்து நான் அடுக்குமாடிக் கட்டடங்களில் சைட் இன்ஜினியராக இருந்த காலம். நீரியலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் செய்வார்கள். சென்னையில் பேஸ்மென்ட் தோண்டும்போது ஊறிவரும் தண்ணீரை இரவு பகலாக மோட்டார் வைத்து இறைப்போம், பக்கத்து வீட்டு போர்வெல்லில் மட்டம் இறங்கிவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். நிலத்தடி நீர் எப்படி நகர்கிறது என்று நான் நேரில் பார்த்த இடம் அதுதான், அதை நாலு வரியில் சொன்னேன்.

ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்ற பகுதிக்கு ரேங்கிங்கை எழுதாதீர்கள், அது அவர்களுக்கே தெரியும். ஸ்டுட்கார்ட்டுக்கு எழுதியபோது, நிலத்தடி நீரைப் பெரிய தொட்டிகளில் வைத்து ஆராய்கிற அவர்களுடைய வேகாஸ் ஆய்வுக்கூடம் என் கேள்விக்கு எப்படி உதவும் என்று எழுதினேன். டிரெஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பத்தியை அப்படியே அனுப்ப முடியாது, பாடத்திட்டத்தைப் படித்துவிட்டுப் புதிதாகத்தான் எழுத வேண்டும். பிரிட்டனில் இளங்கலை என்றால் கதையே வேறு: யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் ஐந்து இடங்களுக்கும் ஒரே அறிக்கை போவதால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்ல முடியாது, 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகவும் பிரிந்துவிட்டது, மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. என் சித்தி மகளுக்கு உதவியபோது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்ற கேள்விக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. போட்டியில் கோப்பை வாங்கியதைவிட அப்பாவின் மருந்துக்கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டதைச் சொல் என்றேன்.

எனக்கு ஸ்டுட்கார்ட்டில் இடம் கிடைத்தது. அப்புறம் அங்கே பகுதிநேர வேலைக்கு விண்ணப்பித்தபோது இதே விஷயங்களைத்தான் எடுத்தேன், வரிசையை மட்டும் மாற்றினேன். ஒரு பொறியியல் நிறுவனத்துக்கு என் கேள்வியைவிட மோட்டாரும் பேஸ்மென்டும்தான் முக்கியம், அதனால் சைட் அனுபவம் மேலே போனது, மணல்மேட்டுக் கிணறு கடைசிப் பத்திக்கு இறங்கியது. மொத்தம் முக்கால் பக்கம்.